மேல்பெட்டி வைக்கும் நாள்

குரு என்றதும் நரைத்த தாடியை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு உலகம்மை ஓர் ஏமாற்றம்தான். வயது நாற்பத்தொன்று. விரலெல்லாம் மெழுகுப் பிசுக்கு. பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இரண்டு ஓட்டு அறை, ஒரு கிணறு, பதினோரு தேனீப் பெட்டிகள். ஆசிரமம் என்பது அவ்வளவுதான்.

அங்கே சீடராக வந்து சேர்ந்த தாணுலிங்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். "உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு" என்று கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப்போன மனிதர். தியானம் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துத்தான் மலையேறினார். உலகம்மை அவர் பொறுப்பில் ஒரு தேனீக் குடும்பத்தை விட்டார்.

கார்த்திகையில் பழைய பெட்டியொன்றிலிருந்து பிரித்தெடுத்த புதுக் குடும்பம் அது. பெட்டியில் தேனடை கட்ட ஆறு மரச்சட்டங்கள். நடு நான்கிலும் ஈக்கள் அடை கட்டியிருந்தன, ஓரத்துச் சட்டம் இரண்டும் காலி. குடும்பம் பெருகினால் மேலே தூக்கி வைக்க இன்னொரு காலிப் பெட்டி சுவரோரம் இருந்தது.

"இத எப்பம்மா மேல வைக்கணும்?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

"நேரம் வந்ததும்."

"நேரம் வந்தத எப்படிக் கண்டுபிடிக்கது?"

"கண்டுபிடிச்சதும் என்னக் கூப்பிடுங்க, அண்ணாச்சி."

தாணுலிங்கம் தலையைச் சொறிந்தார். "பிந்திப்போச்சுன்னா?"

"எடம் பத்தலன்னு பறந்து போயிரும்."

அந்தப் பதில் அவருக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. ஒற்றை அறை வீட்டில் அவரோடு மகன் சுயம்புவும் மருமகளும், அப்புறம் பிறந்த குழந்தையும் நான்கு வருடம் நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். யாரும் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாமான்களை ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டத்தில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் தாணுலிங்கம் மாடி கட்டினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "மாடி சும்மாதான் கெடக்கு, வந்திருங்க" என்பார். "பாப்பம்ப்பா" என்பான் மகன். இரண்டு வருடமாக இந்தப் பாட்டுத்தான். இன்னொரு குடும்பத்தையும் இப்படிப் பறிகொடுக்க அவருக்கு மனதில் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நேரம் வந்தாச்சும்மா. உள்ள எடமில்ல. வாசல்ல கொத்துக் கொத்தா தொங்குது."

உலகம்மை எழுந்திருக்கவில்லை. "உங்க பஸ்ஸில படிக்கட்டுல பயலுவ தொங்குவானுவளே, உள்ள எடமில்லாமலா?"

தாணுலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பத்து சீட்டு காலியா கெடக்கும்மா. காத்துக்குத் தொங்குவானுவ."

போய்த் திறந்து பார்த்தார்கள். ஓரத்துச் சட்டம் இரண்டும் அப்படியே வெறுமையாக இருந்தன. உலகம்மை பெட்டியின் மேல் இரண்டு தென்னோலையைச் சாய்த்து வைத்தார். வெயில் மறைந்ததும் ஈக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன.

அதற்கப்புறம் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் ஒருமுறை மூடியைத் திறப்பார், சாயங்காலம் ஒருமுறை திறப்பார். கூடிவிட்டதோ, கிளம்பிவிடுமோ என்று பதறுவார். மார்கழிச் சாரல் தொடங்கிய ஒரு நாள், யாரிடமும் கேட்காமல் காலிப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

நான்காம் நாள் காலை பெட்டி வாசலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ சிந்திக் கிடந்தது. குனிந்து பார்த்தார். செத்துப்போன புழுக்கள். உள்ளேயிருந்து ஈக்களே இழுத்து வந்து போட்டிருந்தன. எல்லாம் பிறக்க வேண்டிய குஞ்சுகள். அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உலகம்மை முன்னால் போய் நின்றார்.

"நான்தாம்மா வச்சேன். எடம் பத்தாம போயிருமோன்னு பயந்து வச்சேன்."

உலகம்மை திட்டவில்லை. வந்து மேல்பெட்டியை இறக்கினார். சட்டங்களின் மேல் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டார்.

"இதுமேல கைய வையுங்க."

வைத்தார். சாக்கு ஈரமாகச் சில்லென்றிருந்தது. வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தபோது மெல்ல ஒரு கதகதப்பு ஏறி வந்தது.

"சூடு வருதும்மா," என்றார் ஆச்சரியமாக.

"எங்கேருந்து?"

"ஈக்கிட்டேருந்து."

"இந்த மூணு நாளா அந்தச் சூடு எங்க போச்சு?"

தாணுலிங்கம் தரையில் கிடந்த காலிப் பெட்டியைப் பார்த்தார். "இதுக்குள்ள போயிருச்சும்மா. குஞ்சு குளுருல செத்துப்போச்சு."

"தெனமும் தெறந்து பாத்தியளோ?"

"ரெண்டு நேரமும்."

"உங்க வீட்டுக் கூரைய ஒருத்தன் தெனம் ரெண்டு நேரம் பிரிச்சுப் பாத்தா என்ன செய்விய?"

"வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிருவேன்."

அன்றோடு திறப்பது நின்றது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை, சலிப்பாக இருந்தது. மூன்றாம் நாள், வருகிற ஈக்களில் சிலவற்றின் காலில் மட்டும் மஞ்சள் பொடி ஒட்டியிருப்பதைக் கண்டார். எந்தப் பூவில் எடுக்கிறது? அதைத் தேடி அரை நாள் தோட்டத்தில் அலைந்தார். பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். காலையில் ஒரு ஓசை, மழைக்கு முன்னால் வேறொரு ஓசை. இத்தனை நாள் இது ஏன் காதில் விழவில்லை என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

தை கடைசியில் ரப்பர் மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்விட்டன. துளிரின் காம்பில் தேன் ஊறத் தொடங்கியது. வாசலில் போக்கும் வரத்தும் இடைவிடாமல் நடந்தது. பெட்டிக்குள் ஓசை கனத்திருந்தது. அன்றைக்குத்தான் பல நாள் கழித்து மூடியைத் திறந்தார். திறந்ததை மெதுவாக மூடிவிட்டு, ஓடாமல் நடந்தே போய் உலகம்மையைக் கூப்பிட்டார்.

"எத வச்சுச் சொல்லுதிய?"

"ஓரத்துச் சட்டத்திலயும் முட்ட இருக்கு. ஆறிலயும் எடமில்லாம, மூடியோட அடிப்பக்கத்தில புதுசா அடை கட்டத் தொடங்கியிருக்கும்மா."

உலகம்மை தானே மேல்பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தாணுலிங்கம் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஈக்கள் சாரிசாரியாக மேலே ஏறின. பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"எங்க வீட்டுலயும் இந்த மூடியில அடை கட்டுன மாதிரி நடந்துதும்மா. தொட்டில அடுக்களையில கட்டியிருந்தாவ. மகன் தட்டத் தூக்கிக்கிட்டு வாசல் முத்தத்தில போய் இருந்து சாப்பிடுவான். எல்லாம் என் கண்ணு முன்னாலதான். நான் பாக்கல."

"இப்ப அவிய எத்தன பேரு?"

"மூணு... இல்ல, நாலு. ஆவணியில பெண்பிள்ள பொறந்திருக்கு."

"அந்தப் பிள்ளைக்குத் தொட்டில் எங்க கட்டியிருக்காவ?"

"தெரியாதும்மா. நான் அங்க போனதில்ல. சொந்த வீட்டுல மாடி கெடக்கையில, வாடக வீட்டு வாசல எதுக்கு மிதிக்கணும்னு இருந்துட்டேன். எத்தன தரம் கூப்பிட்டாச்சு. வரமாட்டேங்கான். இன்னும் என்ன செஞ்சா வருவான்?"

உலகம்மை மூடியைப் பொருத்தினார்.

"ரெண்டு வருசமா காலிப் பெட்டியையே காட்டிக்கிட்டு இருக்கிய, அண்ணாச்சி. ஆளு இருக்குற பெட்டிய ஒருக்கப் போய்ப் பாருங்க."