தவசி வைத்த கிரீஸ்

பாய்லர் புகையை இழுக்கும் பெரிய விசிறியின் பேரிங் மறுபடியும் கொதித்தது. புறங்கையை வைத்துப் பார்த்த இருதயராஜ் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அந்தச் சூட்டில் அவன் கண்டது தவசியின் கையை.

அந்தச் சர்க்கரை ஆலையில் கிரீஸ் வைப்பவர்கள் இரண்டு பேர்தான். ஒரு ஷிப்டில் இருதயராஜ், மறு ஷிப்டில் தவசி. விசிறிக்கு வாரம் ஒரு முறை வைத்தால் போதும். வைத்தவன், கிரீஸ் ஏற்றும் நிப்பிள் முனையில் மிளகளவு கிரீஸைப் பொட்டாக விட்டுப் போவான். பொட்டு இருந்தால் அடுத்தவன் தொடமாட்டான். ஆலை வழக்கம் அது.

பொட்டு வைக்க விரல் போதுமே, கிரீஸ் கன் எதற்கு, உள்ளே அடிக்காமலே தவசி ஏமாற்றலாமே என்று இருதயராஜுக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து தவசியின் பொட்டைத் துடைத்துவிட்டுத் தானும் அடித்தான். லாரி பட்டறையிலிருந்து வந்த கை. பிதுங்கி வழிந்தால்தான் அதற்கு நிம்மதி. பிறகு தன் பொட்டை வைப்பான். மறுநாள் வந்து பார்த்தால் அவன் வைத்த பொட்டு இருக்காது. வேறொன்று இருக்கும்.

உள்ளே எதையோ கலக்கிறான் பாவி என்று முடிவு கட்டினான்.

ஏற்கெனவே இரண்டு பேரிங் எரிந்துபோயிருந்தன. இன்னொன்று எரிந்தால் இருவரில் ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், யாரென்று பூரணம் மேஸ்திரி சொல்லட்டும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். நாற்பத்தெட்டு வயதில் வேறெந்த ஆலை தன்னைச் சேர்க்கும் என்று இருதயராஜுக்குத் தெரியவில்லை.

பூரணம் அவனைவிட வயதில் இளையவர். இந்த வேலையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

"தவசி மண்ணைக் கலக்குறான், மேஸ்திரி. என்னைத் துரத்தத்தான்."

"பார்த்தீங்களா?"

"பார்க்கிற மாதிரி செய்வானா?"

பூரணம் ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தார். பேரிங்குக்கு அடியிலுள்ள அடைப்பைக் கழற்றச் சொன்னார். விசிறி ஓடட்டும் என்றார்.

கழற்றியதும் கறுத்த கிரீஸ், கொழுத்த புழுவைப் போல நெளிந்து வந்தது. தீய்ந்த எண்ணெய் நாற்றம். இருதயராஜ் அள்ளி விரலிடையே நசுக்கிப் பார்த்தான். நறநறக்கவில்லை. இன்னொரு இடத்தில் கிள்ளினான். வெளிச்சத்தில் பிடித்து, காகிதத்தில் தேய்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டான். மண் கிடைத்துவிட்டால் பிழைத்தோம் என்று தவித்தான்.

அது வந்துகொண்டே இருந்தது. கீழே வைத்த தகர டப்பா நிறைந்து, இன்னொன்று வைக்க வேண்டியதாயிற்று.

"இவ்வளவு எப்படி உள்ளே போச்சு?" என்றான்.

பூரணம் டீ வாங்கி வரப் போனார். இருவரும் குடித்தார்கள். தவசியின் மச்சான் யூனியனில் இருப்பதையும், தன்னைப் பார்த்தால் தவசி பேச்சை நிறுத்துவதையும் இருதயராஜ் ஒவ்வொன்றாகச் சொன்னான். மேஸ்திரியின் கண் கிரீஸ் மீதே இருந்தது.

சாப்பாட்டுச் சங்கு ஊதியபோது கிரீஸ் நின்றிருந்தது. பூரணம் அடைப்பை முறுக்கிவிட்டு, தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

இருதயராஜ் தயங்கித் தயங்கிப் புறங்கையை வைத்தான். எடுக்கவில்லை. இளஞ்சூடு, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி.

"அப்போ தவசி உள்ளே வச்சது என்ன?"

"நல்ல கிரீஸ்."

"நான் வச்சது?"

"அதுவும் நல்ல கிரீஸ்தான். அளவுதான் மிஞ்சிப்போச்சு, அதான் சூடு."

டப்பாக்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, மேனேஜரிடம் யார் பெயரைச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டான். பேரிங் எரியவில்லையே, எதற்குப் பெயர் என்று திருப்பிக் கேட்டார் பூரணம்.

அதுவும் அவனுக்குப் போதவில்லை.

"அவன் வச்சிட்டுத்தான் போயிருக்கான்னு நான் எப்படி மேஸ்திரி நம்புறது?"

பூரணம் பஞ்சு வேஸ்டில் கையைத் துடைத்தார்.

"தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்கண்ணே. நேத்து தவசி வந்து இதையேதான் கேட்டுட்டுப் போனாரு."