சுருக்குமடி வந்த கரை

துடுப்பு முறிகிற சத்தமும் மண்டை பிளக்கிற சத்தமும் ஒன்றாகவே கேட்டன இன்னாசிக்கு. பிளந்தது அவன் மச்சான் ரொசாரியின் மண்டை.

கேளுங்கள். இந்த இன்னாசி பெரிய சண்டைக்காரன். குழம்பில் புளி கூடினால் சண்டை, காற்று திரும்பினால் காற்றோடு சண்டை. ஆனால் யாரோடு கத்தினானோ அவர் வீட்டிலேயே உட்கார்ந்து சோறும் தின்பான். கை ஓங்கினவன் இல்லை.

அதே ஊர்ச் சந்தியாகு அதிர்ந்து பேசமாட்டான். அவன்தான் சுருக்குமடி வலையைக் கொண்டுவந்து கரையில் இறக்கினான். மீன்கூட்டத்தையே வளைத்து, குஞ்சும் மிஞ்சாமல் அள்ளுகிற வலை.

"நம்ம சின்ன வலைக்கு என்னவே மிஞ்சும்?" என்றது பாதி ஊர்.

"நாங்க பிழைக்கவேண்டாமா?" என்றது அந்த வலையில் பங்குக்குப் போன மீதி ஊர்.

அரிவாள் வந்தது. ஒருவனுக்குக் கை போனது, ஒருவனுக்குக் கண்; ரொசாரி மண்டையில் துடுப்பு விழுந்தது. இன்னாசி நடுவில் பாய்ந்து இரண்டு பக்கத்தாரையும் வைதுகொண்டே இழுத்தான்; முன்பல் தெறித்தது. சந்தியாகு வலைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மணலில் ரத்தம் விழுந்தால், அதற்குக் காரணம் கரையை விட்டுப் போகும்வரை படகு இறங்காது. விரட்டப்பட்டவனை வேறெந்தக் கரையும் சேர்க்காது.

ஊர்க்கூட்டத்தில் எல்லா விரலும் இன்னாசியைக் காட்டின. "இவன் வாய் இருக்கும்வரை இங்கே சமாதானம் ஏது?"

இன்னாசி கூட்டத்தின் நடுவே வந்தான். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினான். "நான் வாய்க்காரன்தான். அதுக்காக என் மச்சான் மண்டையை நானா பிளந்தேன்வே?"

"நான் யாரையும் ஒரு சொல் சொல்லலையே," என்றான் சந்தியாகு.

தீர்ப்புச் சொல்ல ஊர்த்தலைவர் கஸ்பார் எழுந்தார். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால், படகு கடலில் இறங்க யாரை அனுப்புவீர்கள்?

விடை: கஸ்பார் இருவரையும் அனுப்பவில்லை. "இன்னாசி இன்னைக்கு ஊரிலேயே இல்லைன்னாலும் அரிவாள் எழுந்திருக்கும். இந்த வலையைப் மாதா கோயில் பங்குச் சாமியாரே கொண்டுவந்து இறக்கியிருந்தாலும் எழுந்திருக்கும். சண்டை போடுகிற ஆள் வேற, ஊரைச் சண்டையில் இறக்குகிற பொருள் வேற. வலையை லாரியில ஏத்துங்க." சந்தியாகு அப்போதுதான் கத்தினான், ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. இன்னாசி மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலைக்காயத்தின் கட்டை அவிழ்த்தான். "எவன்வே இப்படிக் கட்டினது? இது கட்டா, கருவாட்டு மூட்டையா?"

"மெதுவாக் கத்தும் மச்சான்," என்றான் ரொசாரி, "தலை வலிக்கு."