வரிசையில் வைத்த கோப்பு

கரட்டுப்பட்டிக்கு வெளியே, ஓடைக்கரையில் மங்களவல்லி அம்மையின் குடில் இருந்தது. அம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அரங்கநாயகத்துக்கு அறுபத்திரண்டு. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர்.

ஊரில் எழுபது வீடு. ஒரே ஒரு அடிபம்பு. தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் பெண்களுக்குப் பாதி நாள் போய்விடும். இன்னொரு ஆழ்துளைக் கிணறும் தொட்டியும் வேண்டும் என்று ஓர் அறக்கட்டளையிடம் உதவி கேட்டு எழுதினார் அரங்கநாயகம். முதல் இரண்டு வருடமும் விண்ணப்பம் ஒரே வரியோடு திரும்பி வந்தது: 'மக்களின் பங்கு தெளிவாக இல்லை.' இது மூன்றாவது வருடம். இதோடு அந்த உதவியை நிறுத்தப்போகிறார்கள். நாளை மறுநாள் கடைசி நாள்.

காலையில் கோப்பை அம்மையின் முன் வைத்தார். வரைபடம் இருந்தது. கிணற்றைப் பராமரிக்க ஏழு பேர் கொண்ட குழு இருந்தது. தலைவர், அரிசி ஆலைக்காரர்.

"எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அம்மா. என்ன குறை என்றுதான் தெரியவில்லை."

அம்மை கோப்பைத் திறக்கவில்லை. மூலையில் இருந்த குடத்தைக் காட்டினார்.

"இன்றைக்குத் தண்ணீர் நீங்கள் கொண்டுவாருங்கள் ஐயா."

கோப்பைக் கீழே விட மனமில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போனார்.

பம்படியில் நாலு பெண்கள்தான் இருந்தார்கள். கூட்டமே இல்லை என்று சந்தோஷப்பட்டார். தரையில் வரிசையாகக் கிடந்த அரைச் செங்கல்லையும் கொட்டாங்குச்சியையும் அறுந்த செருப்பையும் தாண்டிப் போய்க் குடத்தை வைத்தார். பம்பு அடித்துக்கொண்டிருந்த பேச்சி கையை நிறுத்தினாள்.

"ஐயா, உங்க கல்லு எங்க?"

அப்புறம்தான் விளங்கியது. ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள். கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், முறை வரும்போது வருவார்கள். யாருடைய கல்லையும் யாரும் நகர்த்த மாட்டார்கள்.

சுற்றிப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் உருப்படியாக ஒரு கல்லும் இல்லை. கடைசியில் போய்க் கோப்பை வைத்தார்.

"காகிதம் பறந்துரும். மேல எதையாச்சும் வைங்க" என்றாள் பேச்சி. மற்றவர்கள் சிரித்தார்கள். ஆபீஸ்காரர் வரிசையில் நிற்பதை இப்போதுதான் பார்ப்பதாக ஒருத்தி சொன்னாள். அவர் கோப்பின் மேல் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நடுவில் பம்பு காற்றை இழுத்தது. பேச்சி இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்தாள். பழைய செருப்பில் வெட்டிய வாஷர் ஒன்று முந்தானை முடிச்சிலிருந்து வந்தது. கால் மணி நேரத்தில் மறுபடி தண்ணீர் கொட்டியது. கடைசிக்கு முன்னால் கிடந்த செங்கல்லை ஒருத்தி எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள். பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒருத்தியின் கல் அது. மற்றவர்கள் குடத்தை நகர்த்தி அதற்கு இடம் விட்டார்கள்.

கோப்பின் பதினாலாம் பக்கம் அவருக்கு ஞாபகம் வந்தது. 'பழுது ஏற்பட்டால் மாவட்டத் தலைநகரிலிருந்து நிபுணர் வரவழைக்கப்படுவார்.'

உச்சி வேளையில் குடில் திரும்பினார். பாதித் தண்ணீர் சட்டையில் இருந்தது. அம்மை ஒரு தம்ளர் மொண்டு குடித்தார்.

அரங்கநாயகம் ஈரக் கோப்பைப் பிரித்து, ஏழு பெயரையும் அடித்தார். பிறகு பேனா நின்றுவிட்டது.

"இந்த இடத்தில் யாரை எழுதுவது அம்மா? அங்கே தலைவர் என்று ஒருவருமே இல்லையே."

"அவர்களிடம் கேட்டீர்களா?"

"இல்லை."

"எத்தனை வருடமாக எழுதுகிறீர்கள்?"

"மூன்று."

அம்மை தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"சாயங்காலமும் தண்ணீர் பிடிப்பார்கள். கோப்பு இங்கேயே இருக்கட்டும் ஐயா. ஒரு கல் எடுத்துப் போங்கள்."

அரங்கநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார். நல்ல கல்லாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தார்.