பூட்டிய மில்லுக்கு ஐந்து நட்சத்திரம்

ஈரோட்டில் பங்குச்சந்தை ஆலோசகர் குழந்தைவேலுவின் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கி, டீ கொடுப்பவள் நாச்சம்மா. ஒருநாள் அங்கே கூடியிருந்த வாடிக்கையாளர்களில் ஒருவரான அர்த்தநாரி, "கம்பெனி விவரம் பார்க்க மூணு இலவசத் தளம் இருக்குதே, எது நல்லதுங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் குப்பை! என் ஆராய்ச்சி அறிக்கையை வாங்குங்க, ஐயாயிரம்தான்," என்றார் குழந்தைவேலு. பிறகு கூட்டத்தைச் சிரிக்க வைக்க, "நாச்சம்மா, மூணுல எது நல்லதுன்னு நாளைக்கு நீ சொல்லு. சொல்லத் தெரியலைன்னா வேலைக்கு வராதே!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாச்சம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது.

மறுநாள் அதே கூட்டத்தின் முன் அவள் செல்போனோடு வந்து நின்றாள்.

"எனக்குப் பங்கெல்லாம் தெரியாதுங்க. அதனால எனக்குத் தெரிஞ்சதையே மூணுலயும் தேடினேன். எங்க வூட்டுக்காரர் வேலை பார்த்த முல்லைவனம் மில்லு. அது மூடி ஏழு மாசமாச்சு. முதல் தளம் அதுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டு வாங்கச் சொல்லுது. ரெண்டாவது, பழைய வருசத்துக் கணக்கைக் காட்டுது. மூணாவதுதான் மில்லு மூடின அறிவிப்பைத் தேதியோட போட்டிருக்குது. தெரிஞ்ச ஊருக்கு வழி கேட்டாத்தானுங்களே, சொல்றவன் லட்சணம் தெரியும்?"

அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாரோட அறிக்கை?"

"மேசை துடைக்கறப்போ பார்த்தேனுங்க, அதுலயும் அஞ்சு நட்சத்திரம்தானுங்க. முதல் தளத்துல முல்லைவனத்தை முள்ளைவனம்னு தப்பா எழுதியிருக்காங்க. ஐயாவோட அறிக்கையிலயும் அதே முள்ளுதானுங்க."

குழந்தைவேலு தண்ணீர் கேட்டார். அது வரச் சற்று நேரமானது. மூன்றாவது தளத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி ஆறு பேர் நாச்சம்மாவைச் சூழ்ந்திருந்தார்கள்.