விரலை வைத்தால் போதும்

"இதுகளுக்கெல்லாம் படிப்பு ஒரு கேடா தாயே? பள்ளிக்கூடத்தை இழுத்து மூடப் போறேன்."

மடத்துக்குள் நுழையும்போதே திருமலைக்கொழுந்து கத்திக்கொண்டுதான் வந்தார்.

டெலிபோன் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர்; மடம் நடத்தும் பள்ளிக்கூடம் அவர் பொறுப்பு. மடத்துத் தாயார் அவரைவிட இளையவள். ஆனாலும் அவள்தான் அவருக்குக் குரு. அவள் முன்னால் தானாகவே தாழும் குரல் அன்று தாழவில்லை.

மதியப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"பீடி சுத்துற பொம்பளைங்க எழுதப் படிக்கணும்னு கேட்டாளுவன்னுதான பாடம் சொல்லிக்குடுக்க மெஷின் செஞ்சேன்? நல்லா பேசும், பாடும், தப்பா எழுதுனாக்கூட கோவிச்சுக்காது. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறாளுவ. நன்றி கெட்ட கூட்டம்."

"ஒருத்தருமா உக்காரல?"

"பேச்சியம்மான்னு ஒருத்தி உக்காந்தா. உக்காந்த வேகத்துல எந்திரிச்சுப் போயிட்டா. மத்தவளுவளும் அவ பின்னாலயே போயிட்டாளுவ."

"மெஷின் முதல்ல என்ன கேக்கும்?"

"ஒண்ணும் கேக்காது. கட்டைவிரலை வைங்கன்னு சொல்லும். வச்சா திறந்துக்கிடும். பேரு, பாஸ்வேர்டு ஒரு எழவும் வேண்டாம். எழுதத் தெரியாதவங்களுக்கு அதுதான வசதி?"

"அவ வச்சாளா?"

"எங்க வச்சா? கையை முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டுப் போனா. அம்புட்டுத் திமிரு."

தாயார் கீரையைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறியதை அவர் எங்கே கவனித்தார்?

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். கையெழுத்தைத் தாயாரின் கண்ணெதிரில்தான் போடுவது என்று ஒரு வீம்பு.

பேனாவைத் திறந்தார்.

"பேனா எதுக்கு?"

தாயார் மடத்து முத்திரைக்கு வைத்திருந்த மைப்பெட்டியை எடுத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"கைநாட்டு வைங்க."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். அவருக்குக் காது இரண்டும் சுட்டது.

"என்ன தாயே விளையாட்டு இது?"

"விரலை வச்சாப் போதும் அண்ணாச்சி. வசதிதான?"

அவருடைய வலது கை அவரைக் கேட்காமலே வேட்டி மடிப்புக்குள் போய்விட்டது.

"இத்தனை பேரு பாக்கயில நான் கைநாட்டு வைக்கணுமா?" மடமே அதிரக் கத்தினார். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்!"

தாயாரும் கோபத்தில் குரலை உயர்த்தினாள்.

"அதைப் படிக்கத்தான் பேச்சியம்மா வந்தா."