அரியணை அருகே ஒலித்த கிண்ணம்

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததல்ல. விடுதியில் என் அறைத்தோழி சொன்னது. அவளுக்கு அவள் அத்தை சொன்னது. இடையில் ஏதாவது உதிர்ந்திருக்கலாம். நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆறுகள் இன்றைய வழிக்குத் திரும்பாத காலத்தில், மாறூர் என்ற நாட்டை ஓர் அரசன் ஆண்டான். அவன் எதிரிக்கு அஞ்சுவான், நோய்க்கு அஞ்சுவான், அமைதிக்கும் அஞ்சுவான்.

வெண்ணி என்ற குயத்தி அவனுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். கையால் வனைந்தது. அதற்கு யாரும் வண்ணம் பூசவில்லை. சூளையில் பறந்த விறகுச் சாம்பல் மண்ணின்மேல் படிந்து, அங்கேயே உருகி, பச்சைக் கண்ணாடியாகப் படர்ந்திருந்தது. அரசன் அதை அரியணைக்குப் பக்கத்தில் வைத்தான்.

மறுநாள் சபை அமைதியாக இருந்தபோது கிண்ணம் 'டிண்' என்றது.

யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை. அரசனின் முகம் வெளுத்தது. "இது என்ன சொல்கிறது?" என்று சோதிடரைக் கேட்டான்.

சோதிடருக்குத் தெரியாது. ஆனால் அரசனின் கை வாளின்மேல் இருந்தது. "வடக்கிலிருந்து படை வருகிறது என்கிறது, அரசே" என்றார். வடக்கு வாசலை அடைத்தார்கள். வயலுக்குப் போனவர்கள் வெளியே மாட்டிக்கொண்டார்கள். படை வரவில்லை.

கிண்ணம் மறுபடியும் 'டிண்' என்றது.

அரசன் மந்திரியைக் கேட்டான். அவருக்கும் தெரியாது. "துரோகி உள்ளேயே இருக்கிறான் என்கிறது, அரசே" என்றார்.

"யார்?"

மந்திரி சுற்றிலும் பார்த்தார். இரண்டு முறையும் கிண்ணத்துக்கு அருகில் நின்றவன் ஆதன் என்ற காவலன். அங்கே நிற்பதுதான் அவன் வேலை. அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆதனைத் தூணில் கட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் தலை போகும் என்று முடிவானது.

மூன்றாம் முறை ஒலித்தபோது வெண்ணியை இழுத்து வந்தார்கள்.

வாசலிலேயே மந்திரி அவள் காதோரம் குனிந்தார். "தூணில் கட்டியிருக்கும் ஆதன்தான் துரோகி என்று சொல்லிவிடு. நீயும் பிழைப்பாய், நானும் பிழைப்பேன்."

"அவன்?" என்றாள் வெண்ணி. மந்திரி விலகிப் போய்விட்டார்.

"உன் கிண்ணம் ஆதனைத்தான் காட்டிக்கொடுக்கிறதா?" என்று அரசன் கேட்டான்.

'ஆம்' என்பது சின்னச் சொல். அது வெண்ணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆதன் அவளைப் பார்க்கவில்லை. மேற்குச் சன்னலில் இறங்கும் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாது, அரசே."

"செய்தவளுக்கே தெரியாதா?"

"நான் செய்தது கிண்ணத்தை. சத்தத்தை நான் செய்யவில்லை. இதோடு ஒரே சூளையில் வெந்த இன்னொன்று என் வீட்டில் இருக்கிறது. அதுவும் இப்படித்தான் ஒலிக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என் மாமியார். அவர் நாட்டுக்குத் துரோகம் செய்பவர் அல்ல. வீட்டுக்கு என்றால் யோசித்துச் சொல்வேன்."

யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவரச் செய்தான் அரசன். வெறும் தரையில் வைத்துவிட்டு எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். சூரியன் சன்னலின் அடிவிளிம்பைத் தொட்டது. காவலர்கள் ஆதனின் தோளைப் பிடித்தார்கள்.

'டிண்' என்றது, அருகில் யாருமில்லாத கிண்ணம்.

ஆதனின் கட்டுகளை அரசனே அவிழ்த்தான். "அப்படியானால் அது என்னதான் சொல்கிறது?" என்று கேட்டான்.

"இப்போதும் எனக்குத் தெரியாது, அரசே" என்றாள் வெண்ணி.

"எனக்கும் தெரியாது" என்றார் சோதிடர். "எனக்கும்" என்றார் மந்திரி, மிகவும் மெதுவாக.

அன்றே வடக்கு வாசலைத் திறந்தார்கள்.

பயந்துபோய்ச் சொல்லும் பதில் அடுத்தவர் உயிரை வாங்கிவிடும் என்பதால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும்.

பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். சூடு ஆறும்போது மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சு அடியிலுள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் அதில் மயிரிழை விரிசல்கள் விழும். அப்போது இப்படி ஒலி கேட்கும். கலம் ஆறிப் பல நாள் கழிந்த பின்னும் கேட்கலாம்.