ஆமென்னுக்குப் பிந்திய சொல்

அந்தக் காலத்தில் பல்லிக்கு நல்ல பேச்சு இருந்தது. காகமும் நண்டும்கூடப் பேசின. ஆனால் அவை வாய்க்கு வந்ததைப் பேசும். பல்லி மட்டும்தான் பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொல்லும். வீட்டில் ஒரு வழக்கு என்றால் சுவரை நிமிர்ந்து பார்த்துப் பல்லியைத்தான் கேட்பார்கள். அதனால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கடற்கரை ஊர் ஒன்றில் தொம்மை என்கிற மீன்பிடிக்காரரின் வீட்டிலும் ஒரு பல்லி இருந்தது. மாதா சுரூபம் வைத்த மாடத்துக்கு மேலே அதன் குடித்தனம். தொம்மையின் மனைவி கித்தேரி. மகள் பிலோமிக்கு நாலு வயது. விளக்கேற்றியதும் கித்தேரி மகளை முழங்காலில் நிறுத்திச் செபம் சொல்லிக்கொடுப்பாள். வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைக்க வேண்டும். பிறகுதான் ஆமென்.

"ஆமென் சொன்னா கதவச் சாத்தியாச்சுட்டி. அதுக்கப்பறம் சொல்றது ஆண்டவருக்குக் கேக்காது" என்பாள். பிள்ளை விளையாட்டுப் புத்தியில் பாதியில் எழுந்து ஓடக்கூடாதே என்று சொன்ன பேச்சு அது.

ஒருநாள் தொம்மை, மகளைக் கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவள் தூங்கும்போதே கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பிலோமி பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அன்றைய செபத்தில் அம்மா பெயர் வந்தது, ஆட்டுக்குட்டியின் பெயர்கூட வந்தது.

"அப்பா பேரு எங்கட்டி?"

"அப்பாகூட நான் கா!" சுண்டுவிரலை நீட்டிக் காட்டிவிட்டு, ஆமென் என்றாள்.

கித்தேரிக்குச் சிரிப்பு வந்தது. அடுப்பில் உலை பொங்கவே எழுந்து போய்விட்டாள். பிலோமி முழங்காலிலிருந்து எழவில்லை. பிறகு இரண்டு விரல்களைச் சேர்த்து வாசல் பக்கம் நீட்டி, "அப்பாவையும் பாத்துக்கும் ஆண்டவரே. பழம்" என்று மெதுவாகச் சொன்னாள். பல்லி அதைக் கேட்டது.

மூன்று நாளாகியும் தொம்மை வரவில்லை. நாலாம் நாள் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது.

கித்தேரி நிலை தடுமாறிப் போனாள். மகளைப் பிடித்து உலுக்கினாள். "அப்பன் பேரச் சொல்லாம விட்டியே, பாவி மட்ட!"

"அப்பறமாச் சொன்னேம்மா."

கித்தேரி சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னாளா?"

பல்லி யோசித்தது. கதவைச் சாத்திய பிறகு சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பெரிய நீதிபதி என்று நினைப்பு அதற்கு. "செபத்தில் சொல்லவில்லை" என்றது. மீதியை விழுங்கிவிட்டது.

"நீதாண்டி ஒங்கப்பனக் கடலுக்குக் குடுத்த!"

எந்தத் தாயும் சொல்லக்கூடாத வார்த்தை அது. பிலோமி அழவில்லை. அதோடு பேச்சை விட்டாள்.

அந்தி தோறும் தாய் செபம் சொல்வாள், மகள் வெறுமனே கை கூப்பியிருப்பாள். பல்லியால் பொறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தது. ஆனால் விழுங்கிய சொல் தொண்டையில் அடைத்துக்கொண்டது. ச்சு, ச்சு என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அந்தச் சத்தம் கேட்டு, ஆமென் சொல்லி எழப்போன கித்தேரி திரும்பினாள். பிலோமி இன்னும் முழங்காலில் இருந்தாள். கடல் பக்கம் இரண்டு விரல்களை நீட்டியிருந்தாள். திருப்பித் தொட அங்கே யாரும் இல்லை.

"பழம் விட்டியா தாயி? அன்னைக்கே விட்டியா?"

பிலோமி தலையாட்டினாள்.

கித்தேரி தரையில் விழுந்து கதறினாள். "ஆண்டவருக்குக் கேட்டிருக்கும் மக்கா. அம்மா சொன்னது பொய், அவரு கதவே சாத்தமாட்டாரு!"

பிலோமியின் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. பிறகு ஒருநாளும் வரவில்லை.

அன்று முதல்தான் அந்தக் கரையில் பிள்ளைகள் ஆமென் சொன்ன பிறகும் தாய்மார் உடனே எழுவதில்லை, இன்னும் ஏதாவது சொல்வார்களா என்று காத்திருக்கிறார்கள். சுவரில் பல்லி உச்சுக் கொட்டிக்கொண்டே இருக்கிறது.